பரிசு விழுந்த எண்

திருமணத் தகவல் தளம் ஒன்று ஆன்லைனில் குலுக்கல் நடத்தியது. தம்பிக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த அவள், கணவனின் எண்ணையும் சேர்த்துப் போட்டிருந்தாள். அந்த எண்ணுக்கே பரிசு விழுந்தது. அழைப்பு வந்ததும் அவளே எடுத்தாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த கணவன், "ஏமாத்துக்காரங்களா இருக்கும், கட் பண்ணு" என்றான்.

"உங்க மச்சினனுக்கு ஒரு நல்லது நடந்தா பொறுக்காதே!" என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வாழ்த்துகள் மேடம்! ஒரு வருஷ கோல்டு மெம்பர்ஷிப் இலவசம். ஆனா இந்த நம்பருக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. சார் போன மாசம்தான் புதுப்பிச்சார். பரிசை வேற யாருக்காவது மாத்தட்டுமா?"

கணவனின் கையில் சட்டை பாதி மடிப்பில் நின்றது.

"வேண்டாங்க, என் தம்பிக்கு அவசரமில்ல. சாருக்கே இன்னொரு வருஷம் நீட்டிச்சிடுங்க. இனிமேதான் அவருக்கு நிஜமாவே தேவைப்படும்."