வரியின் கடைசியில் ஒரு ஸ்பேஸ்

முடிச்சூர் மாடி வீட்டு ஜன்னலில் சாய்ந்த மாலை வெயில் லேப்டாப் திரையில் விழுந்து கிடக்கிறது. கீழே தண்ணீர் லாரி ஒன்று பீப் பீப் என்று பின்னோக்கி வருகிறது. பல ஊர்க்காரர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து பராமரிக்கும் ஒரு கணினி மொழிக்குச் சின்மயி சின்னத் திருத்தம் எழுதுகிறாள். தேதிக் கணக்கில் பிப்ரவரி வந்தால் தடுக்கி விழுந்த நிரல் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. வேலை முடிந்தது. ஆனாலும் அவள் கட்டைவிரல் கடைசி வரிக்குப் பிறகு ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம். எதையும் கெடுக்காத குப்பை. எல்லாம் சரியாக இருந்தால், சரிபார்க்கும் பென்னி பச்சை டிக் போட்டுவிட்டுப் போய்விடுவான். குறை இருந்தால்தான் எழுதுவான். முன்பு கேளம்பாக்கம் ஆபீஸில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன், இப்போது டப்ளினில். "மறுபடியும் ஒரு ஸ்பேஸ் விட்டுட்டீங்க, சின்மயி. அங்க மழையா?" என்று எழுதுவான். அந்த ஒற்றைக் கேள்விக்காகத்தான் ஒவ்வொரு முறையும் இந்தக் குப்பை.

"அக்கா, டீ ஆறுது" என்கிறாள் தங்கை ஸ்ரீவித்யா.

"வரேன்டி" என்று சொல்லிக்கொண்டே திருத்தத்தை அனுப்புகிறாள். எழுந்திருக்கவில்லை. லாரி போய், தெரு அடங்கி, வெயில் திரையை விட்டு இறங்குகிறது. பச்சை டிக் வருகிறது. அவள் விட்ட ஸ்பேஸைக் காணோம். கீழே பென்னி எழுதியிருக்கிறான்: "உங்களுக்கு எப்பவும் அது தங்கிடுதேன்னு ஒரு குட்டி புரோகிராம் எழுதிட்டேன். இனிமே அதுவே எடுத்துடும். நான் தொந்தரவு பண்ண மாட்டேன்."