மூன்றாவது மிதி

கையுறையைக் கழற்றிவிட்டு, நடுவர் அவன் வண்டியின் எஞ்சின் மீது உள்ளங்கையை வைத்தார்.

சற்று நேரம் கையை எடுக்கவில்லை.

"ஐஸா இருக்கு. சரி."

சூடு தெரிந்தால் போட்டியில் இடமில்லை. விடிவதற்குள் திருட்டுத்தனமாக ஓட்டிவிட்டு வந்து யாரும் வரிசையில் நிற்கக் கூடாது. ஊட்டியின் குளிர்காலப் பழைய பைக் கண்காட்சியில் கறாரான விதி அது ஒன்றுதான். இரவெல்லாம் பனியில் நின்ற வண்டி மூன்று மிதிக்குள் கிளம்ப வேண்டும். கிளம்பியவை ஏரியைச் சுற்றி ஊர்வலம் போகும்.

அவனுக்கு முன் நின்றவை ஒவ்வொன்றாகக் கிளம்பின. நீலப் புகை. விசில். ஒருவர் தன் புல்லட்டுக்கு முத்தம் கொடுத்தார். புல்லில் உறைபனி இன்னும் வெள்ளையாக இருந்தது. எங்கோ பஜ்ஜி வாசனை.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

மைக் அழைத்தது.

"அடுத்து நம்ம சிந்துஜாவோட வண்டி. இந்த வருஷம் அவங்க வீட்டுக்காரர் கொண்டாந்திருக்கார்."

கைதட்டல் மற்றவர்களுக்கு வந்ததைவிட நீண்டது. அவள் இறந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கயிற்றுக்கு அப்பால் கோயம்புத்தூர் ஹோட்டல்காரர் நின்றிருந்தார். இன்று கிளம்பாவிட்டால் வண்டி அவருக்கு. பேசியாகிவிட்டது.

"ஓடலீன்னாலும் பரவால்லீங்க. ரிசப்ஷன்ல நிறுத்துனா அம்சமா இருக்குமுங்க."

நல்ல மனிதர். டேங்க் மேலிருந்த பனியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

ரிசப்ஷன். பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. அறைச் சாவிக்குக் காத்திருப்பவர்கள் சாய்ந்து நின்று படம் எடுப்பார்கள்.

வண்டியின் இடப்பக்கம் நின்று மிதித்தான்.

ஒன்றுமில்லை.

பிளக் புதியது. பெட்ரோல் புதியது. மெக்கானிக் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டிவிட்டுத் தலையைச் சொறிந்திருந்தார். "குளிர்ல மட்டும் என் பேச்ச கேக்க மாட்டேங்குது சார். மேடம் என்னதான் பண்ணுவாங்க?"

தெரியாது. அவள் வண்டியைக் கிளப்பும் நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான். கீழே எஞ்சினை ஓடவிட்டு, மாடிக்கு வந்து போர்வையை உருவுவாள். அவன் பின்னால் ஏறி, மிச்சத் தூக்கத்தை அவள் முதுகில் தூங்குவான். ஓட்டத் தெரியாமல் இல்லை. அந்த முதுகு வெதுவெதுப்பாக இருக்கும்.

இரண்டாவது மிதி.

ஒரு செருமல். அடங்கிவிட்டது.

ஹோட்டல்காரர் செல்பேசியை எடுத்தார். வண்டியை ஏற்ற டெம்போவுக்குச் சொல்வார்.

"அண்ணா! நில்லுங்க!"

ஹசீனா. சிந்துஜாவோடு மலை மலையாகச் சுற்றியவள். தன் வண்டியை ஓடவிட்டபடியே வரிசையிலிருந்து கத்தினாள்.

"சும்மா மிதிச்சா அது வராது. திட்டணும்!"

"என்னது?"

"கார்புரேட்டர் மேல குட்டிப் பொத்தான் இருக்குல்ல? அதை அழுத்திப் புடிச்சுட்டுத் திட்டணும். முழுசா திட்டி முடிச்சாத்தான் பெட்ரோல் மேல வந்து விரல் நனையும். அப்புறம் மிதிங்க. அவ அப்படித்தான் பண்ணுவா."

"என்னன்னு திட்டுவா?"

ஹசீனா இருபுறமும் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்து, அச்சு அசல் சிந்துஜாவாகவே சொன்னாள்.

"எந்திரி எரும! ஊரே எந்திரிச்சாச்சு, உனக்கு மட்டும் இன்னும் என்ன தூக்கம்? உன்ன விட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன், பாத்துக்க. எந்திரி!"

கூட்டம் ஓவென்று சிரித்தது.



அந்தத் திட்டு அவனுக்குத் தெரியும். ஒரு சொல் மாறவில்லை. தினமும் போர்வைக்குள் கேட்டது. தனக்கு மட்டும் என்று நினைத்திருந்தான்.

குனிந்து பொத்தானை அழுத்தினான். விரல் மரத்திருந்தது.

"எந்திரி எரும."

"கேக்கல!" என்றது கூட்டம்.

"எந்திரி எரும! ஊரே எந்திரிச்சாச்சு!"

குரல் கரகரத்தது. பல நாள் உபயோகிக்காத குரல்.

"உனக்கு மட்டும் இன்னும் என்ன தூக்கம்? உன்ன விட்டுட்டு..."

நின்றுவிட்டது.

கூட்டத்தின் சிரிப்பும் நின்றது. அவன் விரலை எடுக்கவில்லை.

"...நான் பாட்டுக்குப் போயிருவேன். பாத்துக்க."

விரல் நுனியில் பெட்ரோல். சுரீரென்றது.

"எந்திரி!"

மிதித்தான்.

இரண்டு சைலன்சரும் ஒன்றாக வெடித்தன. பக்கத்தில் நின்ற நாய் தெறித்து ஓடியது. புகைக்குள் யார் யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் ஹோட்டல்காரர்.

"போச்சு போங்க! என்ற ரிசப்ஷன் போச்சு!"

பச்சைக் கொடி அசைந்தது. வரிசை நகரத் தொடங்கியது. நடுவரே ஹாண்டில்பாரைப் பிடித்து வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். அவன் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தான்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். ஹசீனா ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தாள்.

நடுவர் ஹாண்டில்பாரை விடாமல் அவனைப் பார்த்தார்.

"தம்பி, யாரு ஓட்டறது?"

அவன் குனிந்து பார்த்தான். முன் இருக்கை காலியாக இருந்தது. பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது. கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தான். எஞ்சின் படபடவென்று காத்திருந்தது.

முன்னால் நகர்ந்தான்.