பெயருக்குப் பின்னால் ஒரு ‘ஏ’

நோட்டீஸ் போர்டில் பதினான்கு பெயர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஆங்கில ‘ஏ’. பத்மாவதி ஏ, கனகேஸ்வரி ஏ, ஐயாத்துரை ஏ.

ஏ என்றால் முதலில் வீட்டுக்குப் போகிற கோஷ்டி என்று கான்டீனில் காலையிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் பாயான் பாரு பாக்டரிகள் முழுக்க ஆள் குறைப்புப் பேச்சுதான். பயிற்சிச் சான்றிதழ் கம்ப்யூட்டரில் இல்லாதவர்களுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கடிதம் என்று நோட்டீஸின் அடியில் போட்டிருந்தது.

பதினான்கும் தமிழ்ப் பெயர். பேருக்குக்கூட ஒரு சீனர் இல்லை, ஒரு மலாய்க்காரர் இல்லை.

பத்மாவதி அந்த நோட்டீஸைப் பிய்த்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றரை. பத்தொன்பது வருஷம் அதே பாக்டரியில் உருப்பெருக்கிக்குக் கீழே சிப் பார்த்தவள். கண் போயிற்று, கழுத்து போயிற்று. மிஞ்சியது இந்த வேலையும் பொல்லாத வாயும்தான்.

உள்ளே பணியாளர் பிரிவு அதிகாரி புவான் நோர்மா கடிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே புரோகிராமர் ஹென்றி சவுந்தரம். பார்க்கிங் இடத்துக்காகப் போன வருஷம் சண்டை போட்டதிலிருந்து அவனும் பத்மாவதியும் முகம் பார்ப்பதில்லை.

“எங்க சர்டிபிகேட்ட எல்லாம் என்னா செஞ்ச?” என்றாள் பத்மாவதி.

ஹென்றி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நோர்மாவிடம் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தான். சர்வரிலேயே ஓடுகிற ஜாவாஸ்கிரிப்டில் அவன் கைப்பட எழுதிய புரோகிராமாம். இந்த ஊரில் இன்னும் யாரும் தொடாத சரக்காம். ஆளுக்கொரு ஃபோல்டர், அடையாள அட்டையில் உள்ள பெயரை அப்படியே போட்டுத் திறந்தது. புரோகிராம் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும். சான்றிதழ் இல்லையென்றால் ஃபோல்டரின் பெயரைப் பட்டியலில் தள்ளிவிடும். அவ்வளவுதான்.

ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் இருந்தால் என்ன செய்யும் என்று நோர்மா கேட்டாள். இருக்காது என்றான். அப்படி உள்ளே ஒன்று உண்டாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு சர்வருக்குச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லையே என்று உதட்டைப் பிதுக்கினான். திமிர் பிடித்தவன்தான், அதில் சந்தேகமே இல்லை.

நோர்மா ‘ஏ’யைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். தமிழ்ப் பெயர் என்றால் இனிஷியல் இருக்கத்தானே செய்யும் என்றான்.

“பதினாலு பேருக்கும் ஒரே இனிஷியலா?” என்றாள் பத்மாவதி.

தன் மூன்று பயிற்சிச் சான்றிதழையும் தன் கையாலேயே கொடுத்ததாகவும், ஸ்கேன் எடுத்த கையோடு காகிதத்தை எல்லாம் மெஷினில் போட்டு அரைத்தது இவர்கள்தான் என்றும் பத்மாவதி கத்தினாள். நோர்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முதல் கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். அது பத்மாவதிக்கு உரியது.

நாற்பத்தேழு வயதில் இனி எந்தப் பாக்டரி வாசலில் போய் நிற்பது? வாயில் வந்ததோ வேறு.

“நீயும் தமிழன்தானே, உன் பேரு மட்டும் எப்படி தப்பிச்சிது? எங்க ஐசி அட்டையில எல்லாம் ஏ/பி, ஏ/எல் போட்டு, இன்னாரு மக, இன்னாரு மகன்னு அப்பா பேரு இருக்கு. உனக்கு அந்தக் கோடும் இல்ல, அப்பா பேரும் இல்ல. உன்னைய மாதிரி ஆளுதான் இந்த வேலையச் செய்வான்.”

சொல்லக் கூடாத பேச்சு. ஞானஸ்நானப் பெயரோடு குடும்பப் பெயரை நேராக ஒட்டிவிடுவது ஹென்றி வீட்டு வழக்கம் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

ஹென்றி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கை நீட்டிவிடுவானோ என்று நோர்மா பயந்துபோய் நடுவில் வந்தாள். அவன் பத்மாவதியின் கையிலிருந்த நோட்டீஸைப் பறித்தான். முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை விரலை ஓட்டினான். முகம் செத்துப்போயிற்று.

உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இருந்தால் அதற்குள்ளும் போ, அதற்குள்ளும் ஒன்று இருந்தால் அதற்குள்ளும் போ, அடிமட்டம் வரை பார்த்துவிட்டு வா. புரோகிராமில் இதை மட்டும்தான் சேர்த்தான். பத்து நிமிஷத்தில் முடித்து, மறுபடியும் ஓடவிட்டான்.

திரையில் பட்டியல் ஓடியது. ‘பத்மாவதி ஏ’வுக்குள் இன்னொரு ஃபோல்டர், அதற்குள் மூன்று சான்றிதழ். பதினான்கு பேருக்கும் அப்படியே, ஒன்று குறையாமல்.

நோர்மா கையெழுத்துப் போட்ட கடிதத்தை நாலாகக் கிழித்தாள். பத்மாவதி பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அழுகை முட்டியது, ஆனால் இவன் முன்னால் அழ மாட்டாள்.

“அப்ப அந்த ஏ என்னா?” என்றாள், விடாமல்.

ஹென்றி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஏ/பி-யில பாதி, அக்கா. கோட்டப் பாத்ததும் சர்வரு பேர ரெண்டா வெட்டிடுச்சு. கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்க அப்பா இருக்காரு.”