தூதர் கொண்டுவந்த உறை

1838 கோடையில், தம் ஆட்சியிலிருந்த சிசிலியில் வெட்டியெடுக்கும் கந்தகம் முழுவதையும் விற்கும் உரிமையை நேப்பிள்ஸ் அரசர் ஒரே கம்பெனிக்குக் கொடுத்தார்.

ஆங்கிலேயத் தூதர் ஹார்விக், நேப்பிள்ஸ் அமைச்சர் ஸ்கலேசேயின் மேஜைமேல் ஓர் உறையைப் போட்டார்.

“எங்க வியாபாரிங்க நாசமாப் போறாங்க. அந்த உரிமைய உடனே ரத்து பண்ணுங்க. இல்லேன்னா போர்க்கப்பல் வரும், உங்க துறைமுகம் தூளாகும்.”

“எங்க மண்ணு, எங்க கந்தகம். இந்த மிரட்டலையெல்லாம் வேற எங்கயாவது வெச்சுக்குங்க, தூதரே.”

“முதல்ல படிங்க!”

அமைச்சர் பிரித்துப் படித்தார். சிரித்தார்.

“உங்க குமாஸ்தா இன்னொரு தாளையும் சேத்து வெச்சிருக்காரே! பீரங்கிக்கு வெடிமருந்து செய்ய ஐந்நூறு டன் கந்தகம் அவசரமா வேணும்னு உங்க கடற்படை கேட்டிருக்கு.”

தூதர் அந்தத் தாளைப் பறிக்கக் கை நீட்டினார்.

அமைச்சர் மிரட்டல் இருந்த முதல் தாளை மட்டும் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவதில் கம்பெனியின் புதிய விலையை எழுதிக் கையெழுத்திட்டார்.

மறுமாதம் சரக்கு கப்பலேறியது.