பெரியண்ணன் வீட்டுச் சுவர்

“இன்னிக்கும் வந்துட்டீங்களா?”

வாசற்படியில் உட்கார்ந்திருந்த பெரியண்ணன் எழுந்திருக்கவில்லை.

சானிடரி இன்ஸ்பெக்டர் ராஜாமணி சைக்கிளைச் சுவரில் சாய்க்கப் போனார். சுவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு எதிரே இருந்த வேப்பமரத்தில் கொண்டுபோய்ச் சாய்த்தார்.

தருமபுரி சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் பெரியண்ணனுடையது பழைய மண்சுவர் வீடு. போன மழையில் ஊறிய சுவர், வீட்டுக்குள் சாய்ந்து, மூங்கில் முட்டில் நின்றுகொண்டிருந்தது.

“பெரியவரே, பஞ்சாயத்து போர்டு உத்தரவு. இன்னிக்கு இடிச்சே ஆகணும். ஆளுங்க பின்னால வர்றாங்க.”

“இடிங்க. நான் உள்ளாறதான் இருப்பேன்.”

“அடுத்த மழைக்குத் தாங்காதுங்க. மேலயே விழுந்துரும்.”

“விழட்டும். எம் பையன் பட்டாளத்துக்கு இந்த வூட்டுல இருந்துதான் போனான். சிங்கப்பூரு சப்பான்காரன் கைக்குப் போனதுல இருந்து ஒரு தாக்கல், கடுதாசி இல்ல. நாளைக்கு அவன் வந்து நிக்கறப்ப இங்க மண்ணு குமிஞ்சு கெடந்தா, அப்பனும் ஆத்தாளும் செத்துப் போயிட்டாங்கன்னு திரும்பிப் போயிர மாட்டானா?”

ராஜாமணிக்குக் காலையிலிருந்து சாக்கடைச் சண்டை, குப்பைச் சண்டை. போகிற வாசலில் எல்லாம் திட்டுத்தான். இந்த மனுஷன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பெரியண்ணன் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

“எல்லாம் இவன் பண்ணுன வேலை! போர்டுல போயி மூட்டிவுட்டுட்டு, ஒண்ணும் தெரியாதவனாட்டம் நிக்கறான் பாருங்க!”

பக்கத்து வீட்டு மாரியப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர். தலை நிமிரவில்லை.

“வண்டி நிறுத்த எடம் பத்தலையாம். அதான் பெருசுங்களைக் கெளப்பப் பாக்கறான்” என்றாள் தெருவில் நின்ற ஒருத்தி, அவர் காதில் விழும்படியே.

ராஜாமணி மாரியப்பனைத் தனியே கூப்பிட்டார்.

“புகார் சொன்னது நீங்கதானே? வேண்டாம்னு சொல்லிருங்க. முட்டு பலமாத்தான் இருக்குதுன்னு சொல்லி, நான் கொஞ்ச நாள் தள்ளிப் போடறேன்.”

“இல்லீங்க. இடிச்சிருங்க.”

“வயசானவங்கய்யா. உங்களுக்கு மனசே உறுத்தலையா?”

“இடிச்சிருங்க” என்றார் மாரியப்பன், மாட்டின் முதுகைத் தடவியபடி.

இப்படியும் ஒரு மனுஷன் என்று நினைத்துக்கொண்டார் ராஜாமணி.

கடப்பாரையோடு கூலியாட்கள் வந்துவிட்டார்கள். பெரியண்ணன் மனைவி தீர்த்தம்மாள் பானை சட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வைத்தாள். பெரியண்ணன் உள்ளே போய், சாய்ந்த சுவரின் அடியிலேயே கட்டிலில் படுத்துக்கொண்டார்.

“ஆள் உள்ள இருக்கறப்ப நாங்க கை வெக்க மாட்டோமுங்க” என்று கூலியாட்கள் ஒதுங்கி நின்றார்கள்.

ராஜாமணி உள்ளே போனார். சட்டம் பேசத்தான் போனார். ஆனால் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் தோளில் பொலபொலவென்று மண் உதிர்ந்தது.

“நீங்க வெளிய போங்க. மண்ணு கொட்டுது.”

“கொஞ்சம் இருக்கறேன் பெரியவரே. காலு கடுக்குது.”

பெரியண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். “புள்ளைகுட்டி இருக்குதுங்களா?”

“ரெண்டு பொண்ணுங்க. சின்னது இப்பத்தான் நடக்குது.”

இந்தத் தடவை ஒரு கட்டியே விழுந்தது. ராஜாமணியின் முழங்காலுக்குப் பக்கத்தில். அவர் நகரவில்லை. பயம்கூடக் களைப்புக்கு அப்புறம்தான் வரும்போல.

பெரியண்ணன் சடக்கென்று எழுந்தார். ராஜாமணியின் கையைப் பிடித்து இழுத்தார்.

“எந்திரிங்க மொதல்ல! எம் பையனுக்காவ நான் சாவலாம். நீங்க எதுக்குங்க சாவணும்?”

அப்படியே வாசலைத் தாண்டி அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கடப்பாரை ஒரு மூங்கிலைத்தான் தட்டிவிட்டது. மொத்தச் சுவரும் ஓட்டோடு உள்ளே சரிந்தது. புழுதி அடங்கியபோது கட்டில் இருந்த இடம் தெரியவில்லை.



பெரியண்ணன் மாரியப்பன் வாசலில் காறித் துப்பினார். “இனி எம் மூஞ்சில முழிக்காத!”

இண்டூரிலிருந்து தீர்த்தம்மாளின் தம்பி அனுப்பிய வண்டி சந்து முனையில் நின்றது. அதை நோக்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ராஜாமணிக்கு அடக்க முடியவில்லை. மாரியப்பனிடம் போனார்.

“என்னய்யா, இப்பத் திருப்தியா? எடம் கெடச்சிருச்சில்ல?”

மாரியப்பன் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு தீர்த்தம்மாள் அவசரமாக வந்தாள்.

“ஐயா, மாரியப்பன் தம்பியத் திட்டாதீங்க. நான் அழுது பாத்தேன், பட்டினி கெடந்து பாத்தேன். அந்த மனுசன் வூட்ட வுட்டு அசையல. சர்க்காரு சொன்னாத்தான் கேப்பாருன்னு, ‘போர்டுல போயிச் சொல்லுப்பா’ன்னு இவரு கையப் புடிச்சுக் கேட்டதே நாந்தானுங்க.”

ராஜாமணி மாரியப்பனைப் பார்த்தார்.

“இதைப் பெரியவர்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா? இவரு எதுக்கு ஊரு வாயில விழணும்?”

“சொல்லிப்போடறேன்னுதான் சொன்னேனுங்க. இவருதான் விடல. ‘வேணாங்கக்கா. அண்ணன் எங்கிட்டப் பேசாம இருந்துக்கலாம். உங்ககிட்டயும் பேசலைன்னா, அவுருக்குப் பேச வேற ஆரு இருக்கறாங்க’ன்னுட்டாரு.”