பஸ்தருக்கு ஒரு துணை

"பத்துமலை முருகன் மேல ஆணை, நஜ்மு. நான் சொல்லப்போறதுல ஒரு சொட்டுப் பொய் கிடையாது."

கமலநாதன் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, பத்துமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னார்.

"பத்துமலை அந்தப் பக்கம். நீங்க கும்பிடுறது கிள்ளானை" என்றாள் அவர் மனைவி புனிதா, ரொட்டி சானாயைப் பிய்த்தபடி.

"முருகனுக்குத் திசை ஏதுடி?" என்று அவர் உட்கார்ந்துகொண்டார்.

நஜ்முதீனுக்கு அந்தச் சத்தியம் தேவைப்பட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை நடத்தி, எப்பேர்ப்பட்ட ஆளையும் பேசியே சமாளித்தவர், சொந்த மகளிடம் சிக்கிக்கொண்டு முழித்தார். ஷிரீனுக்கு இந்தியாவில் சத்தீஸ்கர் பக்கம் பஸ்தர் போக வேண்டுமாம். காடு, ராஜாக்களின் அரண்மனை, பழங்குடி மக்களின் வாரச் சந்தை. பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வே அந்தச் சந்தையைப் பற்றித்தான். போவதும் தனியாக. இன்றைக்குள் அழைத்தவர்களுக்குச் சரி என்று சொல்லாவிட்டால் வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

போய் வந்தவர்கள் வாயால் கேட்டால்தான் முடிவு என்று நஜ்முதீன் ஒற்றைக் காலில் நின்றார். போன மாதம் பஸ்தர் போய் வந்த வீடு, அவருக்குத் தெரிந்து, கமலநாதன் வீடு ஒன்றுதான்.

"காடு எப்படிண்ணே? புள்ளைக்கு ஆபத்து இல்லையே?"

"காடா? பட்டப்பகல்ல டார்ச் அடிக்கணும். ஒரு புலி என் பின்னாலேயே வந்துச்சு. நான் ஓடலை. பையில இருந்த கறிபாப்பை எடுத்து நீட்டினேன். மோந்து பாத்துச்சு. உள்ள வெறும் உருளைக்கிழங்குன்னு தெரிஞ்சதும் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

நஜ்முதீன் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீயைத் தள்ளி வைத்தார்.

"அது நாய், தம்பி. செவலை நாய்" என்றாள் புனிதா.

"இவ எங்க பாத்தா? என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுல்ல வந்தா!"

புனிதா ரொட்டியைச் சாம்பாரில் தோய்த்தாள். ஷிரீன் தன் கைப்பேசியில் குறிப்பு எடுப்பதை நிறுத்தியிருந்தாள்.

"அரண்மனைக்குள்ள விடுவாங்களா அங்கிள்?"

"என்னை விடாமலா? வாசல்ல நின்ன காவலாளி என் மீசையைப் பாத்தான். உள்ள மாட்டியிருந்த பழைய ராஜா படத்தைப் பாத்தான். மறுபடி என் மீசை. அவ்ளோதான், பட்டுன்னு ஒரு சல்யூட்! 'மகாராஜ், இத்தனை வருஷமா எங்க இருந்தீங்க?'ன்னு அழுதுட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பிரிக்ஃபீல்ட்ஸ்லன்னு உள்ளதைச் சொன்னேன். நமக்குப் பொய் வராதே."

"சந்தை, அங்கிள்? எனக்கு அதுதான் முக்கியம்."

"அங்க செவப்பு எறும்புச் சட்னி குடுத்தாங்க. இலை நிறையச் சாப்பிட்டேன். உள்ள போன எறும்பெல்லாம் வரிசையா நடக்க ஆரம்பிச்சிருச்சு லா! ஊர்ப் பெரியவர் என் வயித்துல காதை வச்சுக் கேட்டாரு. 'இனிமே நீ எங்க ஆளு'ன்னுட்டாரு. இவ சட்னியைப் பாத்ததுமே மயக்கம் போட்டு விழுந்துட்டா."

"எலுமிச்சம்பழம் மாதிரி நல்ல புளிப்பும்மா" என்றாள் புனிதா, ஷிரீனிடம் மட்டும். "இலையை எப்படி மடிச்சுப் பிடிக்கணும்னு கடைக்காரப் பொம்பளைங்களே காட்டிக் குடுத்தாங்க. மொழி தெரியாட்டியும் சிரிச்சே பேசிட்டாங்க."

ஷிரீன் அவள் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். "ஆன்டி, போட்டோ இருக்கா?"

புனிதா கைப்பேசியைக் கொடுத்தாள். நஜ்முதீனும் எட்டிப் பார்த்தார். அருவி முன்னால் புனிதா. அரண்மனை வாசலில் புனிதா. சந்தையில், தலையில் பூச்சூடிய பெண்களுக்கு நடுவே வாய்விட்டுச் சிரிக்கும் புனிதா.

"எல்லாத்துலயும் அக்கா மட்டும்தான் இருக்காங்க. நீங்க எங்கண்ணே?"

"படம் எடுக்குறவன் படத்துக்குள்ள எப்படி நஜ்மு இருப்பான்?"

"பயந்தாங்கன்னு சொன்னீங்க. அக்கா சிரிக்கிறாங்களே?"

"அது பயத்துல வர்ற சிரிப்பு. உத்துப் பாரு, தெரியும்."

நஜ்முதீன் உற்றுப் பார்த்தார். தெரிவது போலத்தான் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்ணே. மறைக்காம சொல்லுங்க. ஆம்பளைத் துணை இல்லாம ஒரு பொண்ணு அங்க போயிட்டு வர முடியுமா?"

கமலநாதன் கண்களை மூடி, பெரிய வழக்கில் தீர்ப்புச் சொல்பவர் போலத் தலையை இடமும் வலமுமாக அசைத்தார்.

"முடியவே முடியாது. நான் கூட இல்லேன்னா இவ ஏர்ப்போர்ட்டுலேயே தொலைஞ்சிருப்பா."

நஜ்முதீன் பெருமூச்சு விட்டார்.

"கேட்டியா ஷிரீன்? போயிட்டு வந்தவரே சொல்றாரு. வேணாம்மா. மாட்டேன்னு சொல்லிரு."

"அத்தா, ப்ளீஸ்…"

"அண்ணன் சத்தியம் பண்ணிச் சொல்லியாச்சு. இனி பேச்சு இல்ல."

ஷிரீனின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. 'மன்னிக்கவும், என்னால் வர இயலவில்லை' என்று தட்டச்சு செய்து முடித்து, அனுப்பும் பொத்தான் மேல் விரலைக் கொண்டுபோனாள்.

புனிதா அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமலே நஜ்முதீனைப் பார்த்தாள்.

"புள்ளைய அனுப்புங்க தம்பி. பஸ்தருக்கு நான் தனியாத்தான் போயிட்டு வந்தேன். பிளேன்னாலே நடுங்குற இந்த மனுஷன், நான் திரும்பி வர்ற வரைக்கும் வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு, பூனைக்கு மீன் அவிச்சுக்கிட்டு இருந்தாரு."