அகில் மரத்துக்குக் காவல்

என் அகில் மரத்தின் கிளை வேலி தாண்டியதற்காக, பக்கத்து வீட்டிலிருக்கும் என் அண்ணன் வருஷா வருஷம் கோடாலியோடு வருவான். நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். மகளின் படிப்பே அந்த மரத்தை நம்பித்தான் இருந்தது.

"நகருடா! இன்னைக்கு இதை வெட்டாம விடமாட்டேன்!"

"முதல்ல என்னை வெட்டு!"

வீரவசனம் பேசினால் எதிராளி பயப்படுவான் என்று நினைத்தது என் தப்பு. கோடாலிப் பிடி மண்டையில் இறங்கியது. ஒரு வருஷம் ஏழு தையல், அடுத்த வருஷம் முன்பல், அதற்கடுத்து விலா எலும்பு. மரத்தில் மட்டும் ஒரு கீறல் விழவில்லை.

நேற்று அத்தர் வியாபாரி வந்தார். மரத்தில் துளைபோட்டு முகர்ந்தவர், உதட்டைப் பிதுக்கினார்.

"வெறும் விறகுங்க. அகில் வெட்டுப்பட்டாதான் அந்தக் காயத்துல பிசின் ஊறும். அதுலதான் வாசனை எண்ணெய் எடுப்போம். இதை யாருமே அடிச்சதில்லையா?"

"அத்தனை அடியையும் இவரே வாங்கிட்டாருங்க" என்றாள் மனைவி.

வியாபாரி என் தலையை முகர்ந்து பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன்.

அவர் போனதும் வேலியோரம் ஓடினேன்.

"அண்ணே, கோடாலியை எடுத்துட்டு வாயேன். இந்த வாட்டி குறுக்கே நிக்கமாட்டேன்."

அண்ணன் என் தழும்பைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"உன் விலா ஒடிஞ்ச அன்னைக்கே அதைக் கிணத்துல போட்டுட்டேன்டா. இனிமே உன் மரத்து மேல என் விரல்கூடப் படாது. அம்மா மேல சத்தியம்!"